அறுபத்தாறு கிலோ சண்முகவேல்

1

இந்த மாதமும் அவனிடம் தோற்றேன். இது ஒன்பதாவது முறை.

டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியின் நிலவறையில், துணி துவைக்கும் எந்திரங்களுக்குப் பக்கத்தில், ஆளுக்கொரு சாமான் அறை உண்டு. எங்கள் அறையில் பழைய பெட்டிகளை ஒதுக்கிவிட்டு என் சைக்கிளை நிறுத்தியிருக்கிறேன். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சைக்கிளை ஓர் எந்திரத்தில் மாட்டியாகிவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் ஓர் அங்குலம் நகராது. ஆனால் எதிரே இருக்கும் திரையில் பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலை ஓடிக்கொண்டிருக்கும். சாலை செங்குத்தானால் எந்திரம் பெடலை இறுக்கும். கொஞ்சம் சமதளம் வந்தால் விட்டுக்கொடுக்கும்.

மாதத்தின் முதல் ஞாயிறு, இங்கே மதியம் ஒன்றரை, ஊரில் மாலை ஆறு. துபாய், சிங்கப்பூர், கோவை, திண்டுக்கல் என்று அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி பதினான்கு பேர் ஒரே நேரத்தில் அந்த மலையை ஏறுவோம். யார் எங்கே வருகிறார்கள் என்று திரையில் சின்னச் சின்னப் பொம்மைகளாகத் தெரியும். பொம்மையின் தலைக்கு மேல் பெயர் இருக்கும். நான் என் பெயருக்குப் பதிலாக 'கவுஞ்சி' என்று கொடைக்கானல் மலையில் இருக்கும் என் ஊர்ப் பெயரைக் கொடுத்திருக்கிறேன். எனக்குச் சரியாக முப்பது மீட்டர் முன்னால், ஒவ்வொரு மாதமும், 'ஒட்டன்சத்திரம் எக்ஸ்பிரஸ்' போய்க்கொண்டிருக்கும்.

அந்த எக்ஸ்பிரஸ்தான் சண்முகவேல். என்னைவிடப் பத்து வயது மூத்தவன். 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எழுத மாட்டேன்.

எனக்குப் பதக்கம் வேண்டாம், அவர்கள் தரும் டீ-சர்ட்டும் வேண்டாம். அந்த ஒரு ஆள் ஒரே ஒரு முறை எனக்குப் பின்னால் மூச்சிரைக்க வர வேண்டும். யாரிடம் தோற்றோம் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். நாற்பத்தைந்து வயதில் முழங்காலுக்குக் களிம்பு தடவிக்கொண்டு வாரம் நான்கு நாள் நிலவறைக்கு இறங்குவது இதற்காகத்தான். உடம்புக்கு நல்லது என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

2

எங்கள் ஊர் கேரட் அப்போதும் இப்போதும் ஒட்டன்சத்திரம் சந்தைக்குத்தான் போகிறது. பிளஸ் ஒன் விடுமுறையில், நானும் வருகிறேன் என்று அடம்பிடித்து அப்பாவோடு லாரியில் ஏறினேன். காலை ஏழு மணிக்கு அந்தக் கமிஷன் கடை வாசலில் இறங்கினோம். இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. ஆனாலும் எனக்கு ஒரே குஷி. அவ்வளவு வெங்காயத்தையும் தக்காளியையும் ஒரே இடத்தில் நான் பார்த்ததே இல்லை.

விவசாயியின் சரக்கை ஏலம் விட்டுக்கொடுப்பது கமிஷன் கடை. அதற்கு முன் எடை போடுவார்கள். மூடையைத் தராசில் வைத்து, எடையை ஒருவர் சத்தமாகக் கூவுவார். கூவும்போதே அதில் இரண்டு கிலோவைக் கழித்துக் கூவுவார். சாக்கு, மண், அழுகல் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். அதற்குப் பெயர் கழிவு. யாரும் கேட்பதில்லை. மழைக்குக் குடை பிடிப்பதுபோல அது பாட்டுக்கு நடக்கும்.

அன்று கூவிக்கொண்டிருந்தவன் கடைக்காரரின் மகன் சண்முகவேல். மூடைக்கு இரண்டு, மூடைக்கு இரண்டு என்று அவன் கழித்துக்கொண்டே போனான். எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேரும் முதல் நாள் முழுக்க ஓடைத் தண்ணீரில் கை விறைக்க விறைக்கக் கேரட் கழுவியிருந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்ணே, கழுவித்தான கொண்டாந்துருக்கோம். இதுல ஏது மண்ணு?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தான்.

"என்ன பெரியவரே, ஒம்ம மக தராசு படிச்சவுகளோ?" என்றான். பிறகு சுமை தூக்குகிறவர்கள் பக்கம் திரும்பி, "ஏலே, அந்த மூடைய எறக்குங்கடா. இந்தப் புள்ளைய ஏத்துவோம். மலைச்சரக்கு எம்புட்டு நிக்குதுன்னு பாத்துருவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். மூடையை இறக்கிவிட்டார்கள். "ஏறு தாயி, ஏறு" என்று ஒருவர் தராசுத் தட்டைத் துண்டால் துடைத்தே விட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"ஏறும்மா. வெளையாட்டுக்குத்தான சொல்றாரு" என்றார் அப்பா.

ஏறினேன். பாவாடை தாவணியோடு, வெறும் காலோடு, அந்த இரும்புத் தட்டில் நின்றேன். சந்தையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"நாப்பத்தி நாலு!" என்று கூவினான் சண்முகவேல். "மண்ணு ரெண்டு போக நாப்பத்தி ரெண்டு! யாருக்கு வேணும்?"

லாரி டிரைவர்கள் விசில் அடித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சந்தை சிரித்ததை என்றைக்காவது மறந்தாலும் மறப்பேன். அப்பா சிரித்ததை மறக்க முடியவில்லை. வீடு திரும்பும்வரை அவரோடு பேசவில்லை. பிறகு பேசினேன், எல்லாரையும்போல. இதைப் பற்றி மட்டும் இந்த இருபத்தொன்பது வருடமாக நாங்கள் இருவரும் வாயைத் திறந்ததில்லை.

3

டென்மார்க்கைப் பற்றி ஊரில் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, இங்கே மலை கிடையாது. இந்த நாட்டிலேயே உயர்ந்த மேடு என்று ஓர் இடத்துக்கு எங்களை அழைத்துப் போனார்கள். மேலே ஏறி நின்று, மலை எங்கே என்று கேட்டுவிட்டேன். அழைத்துப் போனவர் வருத்தப்பட்டார்.

எனக்கு முதியோர் இல்லத்தில் செவிலியர் வேலை. திங்கள்கிழமை தோறும் முதியவர்களை எடை பார்க்க வேண்டும். திரையை இழுத்து மூடிவிட்டு, நாற்காலித் தராசில் உட்காரவைத்து, எண்ணைத் தாளில் குறிப்போம். வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அவரே கேட்டால் அவர் காதுக்கு மட்டும் சொல்ல வேண்டும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த மேற்பார்வையாளர், மனிதர்களுக்கு அது கூச்சம் தரும் விஷயம் என்றார். தெரியும் என்றேன். டேனிஷில் அதற்கு மேல் சொல்ல அப்போது எனக்கு வார்த்தை போதவில்லை. இப்போது போதும். ஆனால் இப்போது யாரும் கேட்பதில்லை.

நிலவறையில் சைக்கிள் ஓட்டுவதற்கும் இங்கே அனுமதி வேண்டும். என் எந்திரம் உறுமுவதாக மேல்வீட்டுக்காரர் புகார் கொடுத்துவிட்டார். குடியிருப்போர் சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். ஊர்ப் பழக்கத்தில், 'மிகுந்த மரியாதைக்குரிய தலைவர் அவர்களின் மேலான சமூகத்துக்கு' என்று டேனிஷில் தொடங்கினேன். தலைவர் இருபத்தெட்டு வயதுப் பெண். நான் தன்னைக் கேலி செய்வதாக நினைத்து நேரில் வந்து, என்ன கோபம் என்று கேட்டாள். இல்லை, இது மரியாதை என்று புரியவைக்க அரை மணி நேரமும் ஒரு டம்ளர் காப்பியும் ஆனது. கடைசியில் மூன்று பக்கப் படிவம் ஒன்றை நிரப்பி, ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கிப் போட்டு, ஞாயிறு மதியமும் வாரத்தில் மூன்று மாலையும் இரண்டிரண்டு மணி நேரம் என்று எழுதி வாங்கினேன். அந்தப் படிவத்தில் 'நோக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. உண்மையை எழுத முடியவில்லை.

என் மகள் மீராவுக்குப் பதினாறு வயது. தராசுத் தட்டில் ஏறியபோது எனக்கிருந்த வயது. நான் தமிழில் கேட்டால் அவள் டேனிஷில் பதில் சொல்வாள். ஒருநாள் துணி எடுக்க வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்றாள். முழுக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, அபூர்வமாகத் தமிழில் பேசினாள்.

"அம்மா, அந்த அங்கிளுக்கு நீ யாருன்னே தெரியாது."

சொல்லிவிட்டுத் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். அன்று என்னால் பத்து நிமிடம்கூட மிதிக்க முடியவில்லை.

4

இந்தப் பந்தயத்தை நடத்துகிறவர் ஜெயராஜ். செண்பகனூரில் சைக்கிள் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறார். பைக்கில் கேமராவைக் கட்டிக்கொண்டு மலைச்சாலை முழுவதையும் படம் பிடித்து, அதைத் துண்டு துண்டாக்கி மாதத்துக்கு ஒரு துண்டாகப் பந்தயம் வைத்தவர் அவர்தான். ஊர்ச் சாலை என்பதால்தான் நான் சேர்ந்தேன். முதல் மாதமே 'ஒட்டன்சத்திரம் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரைப் பார்த்து, ஊரில் விவசாயத்தைப் பார்த்துக்கொள்ளும் என் தம்பி முருகேசனிடம் விசாரித்தேன்.

"நம்ம கடைக்காரருதான்க்கா. நெஞ்சு வலி வந்துச்சுல்ல, டாக்டரு சைக்கிள் மிதின்னுட்டாராம். கடை மாடில மிசினு வாங்கிப் போட்டுருக்காரு" என்றான் தம்பி. அவன் இன்றைக்கும் அந்தக் கடைக்குத்தான் சரக்கு அனுப்புகிறான்.

இந்தப் பந்தயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. காலின் பலத்தை எந்திரம் அளந்துவிடும், அதில் ஏமாற்ற முடியாது. ஆனால் நம் எடையை நாமே தட்டச்சு செய்துகொடுக்க வேண்டும். பலத்தை எடையால் வகுத்துத்தான் மலையில் யார் எவ்வளவு வேகமாக ஏறுவது என்று கணினி முடிவு செய்கிறது. எடையைக் குறைத்துப் போட்டால் பொம்மை பறக்கும்.

சண்முகவேல் கொடுத்திருந்த எடை அறுபத்தாறு கிலோ. டீ-சர்ட் வெளியீட்டு விழாவின் புகைப்படத்தில் அவனைப் பார்த்தேன். அவன் போட்டிருந்த டீ-சர்ட்டில் எழுத்துகள் வளைந்து போயிருந்தன. இருபது வருடமாக மனிதர்களை எடை பார்க்கிறவள் நான். தொண்ணூறுக்கு ஒரு கிலோ குறையாது. அன்று முழுவதும் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன. கேரட்டில் கழித்தான், பீன்ஸில் கழித்தான், எதிரே நின்ற பெண்பிள்ளையில் கழித்தான். இப்போது தன்னிலேயே கழித்துக்கொள்கிறான்!

ஜெயராஜுக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். நான்காவது கடிதத்துக்குப் பிறகு அழைத்தார்.

"மேடம், ப்ளீஸ், புரிஞ்சுக்கங்க. டீ-சர்ட், மெடல் எல்லாம் அவர்தான் ஸ்பான்சர். சும்மா ஃபன்னுக்குத்தானே ஓட்டுறோம். அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க மேடம்."

"வெளையாட்டுக்குத்தானே, அப்படித்தான?" என்றேன்.

"கரெக்ட் மேடம்" என்றார் நிம்மதியாக. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அட்ஜஸ்ட் செய்துகொள்ளவில்லை. மற்ற பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். யார் பெயரையும் சொல்லவில்லை. அடுத்த பந்தயத்துக்கு முன் எல்லாரும் வீடியோ அழைப்பில் தராசில் ஏறிக் காட்டலாமே, பெரிய பந்தயங்களில் அப்படித்தான் செய்கிறார்கள் என்று மட்டும் எழுதினேன். ஒன்பது பேர் சரி என்றார்கள். சண்முகவேல் மறுப்பான் என்று எதிர்பார்த்தேன். பந்தயக்காரர்களின் வாட்ஸப் குழுவில் தன் குரலைப் பதிவு செய்து போட்டான்.

"எடைன்னா நமக்கென்னங்க பயம்? நாம எடையிலயே பொறந்து வளந்தவுக. தாராளமா வெச்சுக்கங்க."

5

இந்த மாதப் பந்தயத்துக்கு முந்தைய நாள், சனிக்கிழமை, எடை பார்த்தோம். யோசனை சொன்னவள் என்பதால் என்னை முதலில் ஏறச் சொன்னார் ஜெயராஜ். மீராவிடம் போனைக் கொடுத்து, தராசின் எண் தெரியும்படி பிடிக்கச் சொன்னேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினேன். பதிவில் நான் கொடுத்திருந்த எடை ஐம்பத்தெட்டு.

தராசு அறுபது என்றது.

இறங்கி மறுபடி ஏறினேன். அறுபதேதான்.

"ரெண்டு கிலோ எங்கம்மா போச்சு?" என்று அழைப்பில் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். பதினான்கு சதுரங்களில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

எங்கே போயிற்று என்று எனக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது. தராசு என்ன காட்டினாலும் நான் மனதுக்குள் இரண்டு கழித்துத்தான் படிப்பேன். துணிக்கு, செருப்புக்கு என்று நினைத்துக்கொள்வேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் குறித்த முதியவர்கள் எல்லாரும் இரண்டு கிலோ இளைத்திருப்பதைக் கண்டு மேற்பார்வையாளர் பதறிப்போய் டாக்டரையே கூப்பிட்டுவிட்டார். அங்கே திருத்திக்கொண்டேன். வீட்டில் என் விஷயத்தில் அது அப்படியே கிடந்திருக்கிறது. எவனைத் திருடன் என்று நிரூபிக்க வந்தேனோ, அவன் கடைக் கழிவையே ஒன்பது மாதமாக நானும் போட்டு ஓட்டியிருக்கிறேன். எந்திரத்தோடு சேர்ந்து நானும் நிலவறைக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

"ரூல்படி டிஸ்குவாலிஃபை ஆகுது மேடம்" என்றார் ஜெயராஜ், தரையைப் பார்த்துக்கொண்டு.

"சரி. அடுத்தவங்க ஏறட்டும்" என்றேன்.

ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியில் சண்முகவேல். கடையிலிருந்தே பேசினான். அவனுடைய ஆள் ஒருவர் போனைப் பிடித்திருந்தார். இப்போது மின்னணுத் தராசு, பெரிய சிவப்பு எண்கள். போன் திரும்பியபோது அவன் தட்டின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். எண்கள் அறுபத்தாறு என்று காட்டின.

கைதட்டினார்கள். "சூப்பர் சார்" என்றார் சிங்கப்பூர்க்காரர்.

அவன் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். தொண்ணூறு கிலோ மனிதன் அறுபத்தாறில் நின்று சிரிக்கிறான். எனக்குப் படபடப்பு நின்றுபோனது.

"அண்ணே, எறங்குங்க" என்றேன்.

"எதுக்கும்மா?"

"வெறுந்தட்டப் பாக்கணும்."

மற்றவர்களுக்குப் புரியவில்லை. அவனுக்குப் புரிந்தது. தராசில் முன்கூட்டியே ஒரு மூடையை வைத்து, அந்த எடையைப் பூஜ்ஜியம் என்று அழுத்திவிட்டு மூடையை எடுத்துவிட்டால், அதன் பிறகு ஏறுவதில் எல்லாம் அந்த மூடை அளவு குறைத்துக் காட்டும். தட்டு காலியாக இருக்கும்போது மட்டும் குட்டு வெளிப்படும். அதனால்தான் எடை போடும் முன் வெறும் தட்டைக் காட்டச் சொல்லும் உரிமை எந்த விவசாயிக்கும் உண்டு. கேட்கத்தான் யாருக்கும் தைரியம் இருப்பதில்லை.

"அதெல்லாம் எதுக்கு, பாத்தாச்சுல்ல" என்றான்.

"எறங்குங்கண்ணே. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க."

போன் பிடித்திருந்தவர் போனை நகர்த்தவில்லை. அவர் வேண்டுமென்றேதான் நகர்த்தாமல் இருந்தார் என்று நான் நம்புகிறேன். சண்முகவேல் இறங்கினான். சிவப்பு எண்கள் ஓடி, கழித்தல் குறியோடு இருபத்தைந்தில் நின்றன.

"தொண்ணூத்தி ஒண்ணு!" என்று கூவினேன். மீரா துள்ளி விழுந்தாள். "கழிவு இருபத்தஞ்சு போக அறுபத்தாறு!"

யாரும் சிரிக்கவில்லை. அதில்தான் எனக்கு ஏமாற்றம். அவனுக்காக ஒரு சந்தையே சிரித்ததே, எனக்காக ஒருவர் சிரித்திருக்கலாம்.

பிறகு சொன்னேன். கவுஞ்சி என்பது யார், என் அப்பா பெயர் என்ன, எந்த வருடம், எந்தத் தட்டு, என்ன கூவினான், எல்லாவற்றையும். குரல் நடுங்காமல் சொன்னேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"எத்தனையோ பேரு வந்து போற கடைம்மா. எனக்கு ஞாபகம் இல்லியே" என்றான். பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவனுக்கு ஞாபகம் இல்லை. அழைப்பு அவன் பக்கம் துண்டிக்கப்பட்டது.

மறுநாள் பந்தயத்தில் நாங்கள் இருவரும் கணக்கில் சேராதவர்களாக ஓட்டினோம். என் அறுபதைத் திருத்திக்கொண்டு நான் ஓட்டினேன். அவன் பிடிவாதமாக அறுபத்தாறிலேயே ஓட்டினான். முப்பது மீட்டர் முன்னால் போனான். முதல் வரியில் தோற்றேன் என்று எழுதியது அதைத்தான்.

6

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து பேருந்தில் வரும்போது தம்பி அழைத்தான்.

"அக்கா, என்ன பண்ணித் தொலைச்ச? அன்னைக்குப் போன் புடிச்ச கடையாளு எல்லாத்தையும் சொன்னாரு. இன்னைக்கு நம்ம சரக்குக்கு மட்டும் மூடைக்கு நாலு கழிச்சுட்டான். கேட்டா, ஒங்கக்காகிட்டப் போயி கேளுங்கிறான்."

இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் கூவிவிட்டேன். தராசுக்கு முன்னால் நிற்பது என் தம்பி. மீரா சொன்னதற்கு இப்போது பதில் கிடைத்திருந்தது. அந்த அங்கிளுக்கு நான் யார் என்று நன்றாகவே தெரிந்துவிட்டது.

"நான் வேணா அவன்கிட்டப் பேசவாடா? தப்புன்னு சொல்லிடுறேன். ஒனக்குத் தொந்தரவு வேண்டாம்" என்றேன். மனதில்லாமல்தான் சொன்னேன்.

தம்பியிடமிருந்து போனை யாரோ பிடுங்கும் சத்தம் கேட்டது. அப்பா. பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். எழுபத்தாறு வயது ஆகிறது அவருக்கு.

"மன்னிப்பு கின்னிப்புன்னு எதாச்சும் கேட்டே, இந்த வீட்டுப் பக்கம் வராத" என்றார். அப்பா இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "என்ன நடந்துச்சுன்னு முருகேசன் சொன்னான். அன்னைக்கு அந்தப் பய கன்னத்துல நான் அறைஞ்சிருக்கணும். அறையல. பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன். நாளைக்கு லோடுல நானும் போறேன்."

"எதுக்குப்பா?"

"ஒரு மூடை எறங்காது, வெறுந்தட்டக் காட்டுற வரைக்கும். காட்ட மாட்டேன்னா வண்டியத் திருப்பிக்கிட்டு அடுத்த கடைக்குப் போவோம். ஊருல பாக்கி வண்டிகளையும் கூட்டிட்டுப் போவோம்."

"மொழங்கால் வலியோட லாரில எப்படிப்பா ஏறுவீங்க?"

"நீ எங்கிட்டோ ஒரு குழிக்குள்ள உக்காந்துக்கிட்டு இந்த மலையவே ஏறுறியாம்ல. வைய்யி போன, வெள்ளனே கெளம்பணும்" என்றார் அப்பா.